வாசகர் கேள்வி – பதில்: பேருவளைத் தீவின் வெளிச்சவீடு

கேள்வி: பேருவளைக்கு எதிரே சின்னத் தீவொன்றில் வெளிச்சவீடு நிற்கிறது. அது எப்போது கட்டப்பட்டது? கரையிலேயே கட்டியிருந்தால் வேலை இலகுவாக இருந்திருக்குமே? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: கட்டியது 1889இல். கருங்கல் கோபுரம், உயரம் 34 மீற்றர். அந்தக் காலத்துக் கப்பல் பாதையைப் பார்த்தால் காரணம் விளங்கும். 1869இல் சுயெஸ் கால்வாய் திறந்ததும் இலங்கையைச் சுற்றிப் போகும் கப்பல்கள் பெருகின. கொழும்புத் துறைமுகத்தை அலையிலிருந்து காக்கும் தென்மேற்கு அலைதாங்கிச் சுவர் 1885இல் முடிந்த பிறகு, காலியில் நின்ற கப்பல்களும் கொழும்புக்கே வரத் தொடங்கின. கிழக்கிலிருந்து வருபவை தெற்கு முனையைச் சுற்றி, மேற்குக் கரையோரமாக இரவிலும் ஓடியாக வேண்டும். அதற்காக விளக்குகளைச் சங்கிலிபோல் வைத்தார்கள்: தென்கிழக்குக் கடலிலுள்ள பெரிய பாசஸ் பாறையில் 1873, சிறிய பாசஸில் 1878, பேருவளையில் 1889, தேவேந்திரமுனையில் 1890. பேருவளை அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி. அதைத் தனியே எடுத்துப் பேசினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

தீவைத் தெரிவுசெய்ததற்குக் காரணம் பார்வைக் கோணம். கரையில் நட்டால் முனையும் தென்னைகளும் ஏதாவதொரு பக்கத்தை மறைத்துவிடும். தீவில் நின்றால் வடக்கே இருந்து வருபவனுக்கும் தெற்கே இருந்து வருபவனுக்கும் ஒரே மாதிரித் தெரியும். கல்லும் எண்ணெயும் தண்ணீரும் படகில் போகவேண்டும் என்பதுதான் அதற்குக் கொடுத்த விலை.

கேள்வி: மின்சாரம் இல்லாத காலத்தில் இப்படியான விளக்குகள் எப்படி எரிந்தன, எப்படிச் சுழன்றன? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: உலகம் முழுவதும் பழைய வெளிச்சவீடுகளில் முறை ஏறத்தாழ ஒன்றுதான். முதலில் திரி விளக்கு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண்ணெண்ணெய் ஆவி விளக்கு வந்தது. பெரிய பெட்ரோமக்ஸ் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் காற்றை அமுக்கினால் எண்ணெய் சூடான குழாய்க்குள் போய் ஆவியாகும். துளைவழியே வெளியேறிக் காற்றோடு கலந்து எரிந்து, மென்டில் எனப்படும் வலைப்பையைப் பழுக்க வைக்கும். குழாயை முதலில் ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் எண்ணெய் ஆவியாகாமல் பச்சையாகவே பீறிட்டுக் கரிபிடிக்கும், துளை அடைபடும், மென்டில் கிழியும். அதனால் ஊசியும் மாற்று மென்டிலும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

விளக்கு சுழல்வதில்லை, அதைச் சுற்றியுள்ள வில்லைதான் சுழலும். பிரெஞ்சு இயற்பியலாளர் பிரெனெல் 1820களில் உருவாக்கிய அடுக்குக் கண்ணாடி வில்லை அது. சிதறும் ஒளியை ஒரு கற்றையாகத் திரட்டி அடிவானத்தை நோக்கி அனுப்பும். சுழற்றுவது கடிகார இயந்திரம்: கோபுரத்தின் நடுவே தொங்கும் எடை மெல்ல இறங்கும், அது அடிதட்டுவதற்குள் காவலர் மீண்டும் மேலே ஏற்றவேண்டும். கண்ணயர்ந்தால் வில்லை நின்றுவிடும். மினுக்கம் நிலையான ஒளியாகிவிட்டால் மாலுமி அதை வேறொரு விளக்கென்று எண்ணிக் கப்பலைக் கரைதட்ட விடும் ஆபத்து உண்டு. விளக்கு அணைவதைவிட இது மோசம்.

பெரிய வில்லைகள் பல தொன் எடை. 1890களிலிருந்து அவற்றைப் பாதரசத் தொட்டியில் மிதக்க விட்டார்கள். அப்போது ஒரு விரலால் தள்ளினாலும் அசையும். பாதரசத்தில் தூசியும் துருவும் சேர்ந்தால் இழுவை கூடிச் சுழற்சி மந்தமாகும். ஆகவே மெல்லிய தோலில் வடிகட்டுவார்கள். அதன் ஆவி நஞ்சு என்பதால் மூடிய விளக்கறையில் இது ஆபத்தான வேலை.

பகலில் வில்லைக்குத் திரை போடுவது அழகுக்கல்ல. ஒளியை வெளியே அனுப்பும் அதே கண்ணாடி வெயிலை உள்ளே குவித்து விளக்கையே எரித்துவிடும். வெளிக்கண்ணாடியில் படியும் உப்பு இன்னொரு தொல்லை. காய்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும். முதலில் நன்னீரால் கரைத்துக் கழுவ வேண்டும்.

கேள்வி: இரவில் கடலிலிருந்து பார்க்கும்போது இது பேருவளை, அது கொழும்பு என்று எப்படித் தெரியும்? எவ்வளவு தூரம் தெரியும்? (மட்டக்குளி வாசகர்)

பதில்: நேரத்தை எண்ணுங்கள். பேருவளை 20 வினாடிக்கு ஒரு தடவை மின்னும். கொழும்பு விளக்கு 10 வினாடிக்குள் மூன்று தடவை. ஒரு சுற்றை மட்டும் எண்ணி முடிவெடுக்க வேண்டாம்; அலையில் படகு இறங்கும்போது ஒரு மினுக்கம் தவறிப்போகலாம். குறைந்தது மூன்று சுற்றாவது பாருங்கள்.

தூரத்துக்குப் பூமியின் வளைவு எல்லை வைக்கும். விளக்கின் உயரம், உங்கள் கண்ணின் உயரம் இரண்டின் வர்க்கமூலங்களையும் கூட்டி 2.08ஆல் பெருக்கினால் கடல் மைல் வரும். விளக்கு கடலுக்கு மேல் 36 மீற்றர், கண் 4 மீற்றர் என்றால் (6 + 2) × 2.08, அதாவது சுமார் 16½ கடல் மைல், 30 கிலோமீற்றருக்குச் சற்று மேல். விளக்கின் வலு எவ்வளவு கூடினாலும் இந்த எல்லை நகராது. மழையும் புகாரும் அதைக் குறைக்கத்தான் செய்யும்.

கேள்வி: கொழும்புக் கோட்டை மணிக்கூட்டுக் கோபுரமும் ஒரு காலத்தில் வெளிச்சவீடாமே? (கொச்சிக்கடை வாசகர்)

பதில்: உண்மைதான். ஆளுநர் ஹென்றி வார்டின் மனைவி எமிலி எலிசபெத் வார்ட் வடிவமைத்து 1857இல் முடிந்த கோபுரம் அது. பின்னர் விளக்கும் ஏற்றப்பட்டது. சுற்றிலும் கட்டடங்கள் எழுந்து கடலை மறைத்ததால் 1952இல் விளக்கை நிறுத்தினார்கள். இப்போதைய கொழும்பு வெளிச்சவீடு அதே ஆண்டில் கடலோரமாகக் கட்டப்பட்டது. பேருவளைக்குத் தீவைத் தெரிவுசெய்தவர்களின் கணக்கு எவ்வளவு சரியென்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கேள்வி: தீவுக்குப் போய்ப் பார்க்கலாமா? (தெஹிவளை வாசகர்)

பதில்: வெளிச்சவீடு துறைமுக அதிகாரசபையின் பொறுப்பில் உள்ளது, ஏறிப் பார்க்க விரும்பினால் முன்கூட்டியே அவர்களிடம் கேளுங்கள். தீவுக்குப் பேருவளையிலிருந்து படகில்தான் போகவேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக் காற்றில் கடல் கொந்தளிக்கும், அப்போது முயல வேண்டாம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை காலைவேளை நல்லது. உயிர்காப்புச் சட்டை இல்லாத படகில் ஏறாதீர்கள். கரையிலிருந்தே பார்ப்பதானால் கெச்சிமலைப் பள்ளிவாசல் இருக்கும் முனைப் பக்கம் போங்கள்.