பழைய பாய்மரப் படகைப் புதுப்பிக்கிறீர்களா? எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது?

கே: படகுச் சாமான் கடையில் போல்ட் விலை பல மடங்கு. சாதாரண ஹார்டுவேர் கடையில் வாங்கலாமா?

தாராளமாக. தலையில் என்ன பொறித்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள். ஏ2 என்றால் 304 வகை ஸ்டெயின்லெஸ், ஏ4 என்றால் 316. பின்னதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் உப்புநீரில் சீக்கிரம் குழி விழாது. டெக்குக்கு (படகின் மேல்தளம்) ஏ4 மட்டுமே. காந்தத்தை நம்ப வேண்டாம், இரண்டையும் அது பிரித்துக் காட்டாது. விட்டமும் நீளமும் எழுதிப் பட்டியல் போட்டு, பெட்டியாக வாங்குங்கள்; சில்லறையாக வாங்கினால்தான் காசு கரையும். மரையில் ஆன்டி-சீஸ் (பற்றிக்கொள்ளாமல் தடுக்கும் பசை) தடவாமல் நட்டை வேகமாக முடுக்கினால் ஸ்டெயின்லெஸ்ஸோடு ஸ்டெயின்லெஸ் பற்றிக்கொள்ளும். அப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

கே: நீர்மட்டத்துக்குக் கீழே பித்தளை வால்வு போட்டால்?

வேண்டாம். உப்புநீரில் துத்தநாகம் அரித்துப் போய், பஞ்சு போன்ற செம்பு மட்டும் மிஞ்சும். வெளியே முழுசாகத் தெரியும், சுரண்டினால் இளஞ்சிவப்பு. ஒருநாள் கைப்பிடியைத் திருப்பும்போது வால்வே கையோடு வரும். வெண்கலம் அல்லது படகுக்கென்றே செய்த கண்ணாடியிழை நைலான் வாங்குங்கள். மாட்டும் முன் வால்வைக் குழாயின் மரையில் கையால் சுற்றிப் பாருங்கள். இரண்டு மூன்று சுற்றிலேயே இறுகினால், ஒன்று நேர்மரை, மற்றது கூம்புமரை. டேப் சுற்றிச் சமாளிக்காதீர்கள்.

கே: பழைய வின்ச் (பாய்க் கயிற்றை இழுத்து இறுக்கும் உருளை) வாங்கலாமா?

உண்மையான மிச்சம் இங்கேதான். டிரம்மைக் கையால் சுற்றினால் டிக் டிக் சத்தம் சீராக வர வேண்டும். பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். அதிகம் ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கும். திறந்து காட்டச் சொல்லிப் பல்சக்கரத்தைப் பாருங்கள். அந்த மாடலுக்குப் பூட்டு நாக்கும் (பின்னால் சுழலாமல் தடுப்பது) ஸ்பிரிங்கும் இன்னும் கிடைக்கிறதா என்பதை விலை பேசும் முன்பே விசாரியுங்கள். சுத்தம் செய்தபின் பல்லுக்கு கிரீஸ், நாக்குக்கு மெல்லிய எண்ணெய் மட்டும். நாக்கில் கிரீஸ் பூசினால் அது ஒட்டிக்கொண்டு நழுவும். கைப்பிடி பின்னால் சுழன்று மணிக்கட்டைப் பதம் பார்க்கும். (படகிலேயே கழற்றுவதானால், அடியில் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியை வின்ச்சைச் சுற்றி மாட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஸ்பிரிங் தெறித்துக் கடலுக்குள்தான் போகும்.)

கே: பாய்மரத்தைத் தாங்கும் கம்பி, செகண்ட் ஹேண்டில்?

கூடாது. முனையில் அழுத்திப் பொருத்திய குழலுக்குள் விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. கம்பியை இறுக்கும் வெண்கல டர்ன்பக்கிள் மரை நன்றாக இருந்தால் மறுபடி போடலாம். ஊசிப்பின் மட்டும் புதுசு.

கே: டெக் சாமானுக்கு அடியில் தண்ணீர் கசியாமல் அடைக்க, மிச்சமிருக்கும் சிலிக்கான் போதுமா?

போதும் என்று தோன்றும். ஆனால் அது பட்ட இடத்தில் பிறகு பெயின்டும் பிடிக்காது, வேறு சீலண்டும் ஒட்டாது. மலிவான பியூட்டைல் டேப்பே (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) நல்லது. துளையின் மேல் விளிம்பைக் கொஞ்சம் சரித்துக் குடைந்துவிட்டு, போல்ட் கழுத்தில் டேப்பைச் சுற்றி இறக்குங்கள். போல்ட்டை அசையாமல் பிடித்து, கீழே நட்டை மட்டும் முடுக்குங்கள். போல்ட் சுழன்றால் டேப் கிழியும். பிதுங்கி வருவதை வழித்துவிட்டு, மறுநாள் இன்னும் கொஞ்சம் முடுக்குங்கள்.