உலகம் மின்சாரக் காருக்கும் சூரிய, காற்று மின்சாரத்துக்கும் மாறினால், எண்ணெய் நாடுகள் இருந்த இடத்தை பேட்டரிக்கு வேண்டிய லித்தியம், கோபால்ட் உள்ள நாடுகள் பிடிக்குமா?

பிடிக்காது என்றே நினைக்கிறேன். தாது யார் மண்ணில் இருக்கிறது என்பதைவிட, அதைச் சுத்திகரிக்க யாருக்குத் தெரியும் என்பதுதான் இப்போது பெரிய கேள்வி.

ஒருமுறை பழைய ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்து, உள்ளிருந்த இரண்டு காந்தத் துண்டுகளை எடுத்தேன். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பிறகு விரலால் பிரிக்கவே முடியவில்லை. நியோடிமியம் காந்தம். மின்சாரக் கார் மோட்டாரிலும் கடலில் நிற்கும் பெரிய காற்றாலைகளிலும் இருப்பது இந்த இனம்தான். மோட்டார் சூட்டில் வலு குறையாதிருக்கக் கொஞ்சம் டிஸ்ப்ரோசியமும் சேர்ப்பார்கள்.

இவற்றை ‘அரிய மண் தனிமங்கள்’ என்கிறோம். உண்மையில் மண்ணில் அவ்வளவு அரிதானவை அல்ல, பிரிப்பதுதான் பெரும்பாடு. வேதியியல் குணத்தில் உடன்பிறப்புகள் போல இருப்பதால், அமிலக் கரைசலைக் கரைப்பானோடு கலந்து, தெளியவிட்டு, அடுத்த தொட்டிக்கு மாற்றி, இப்படியே நூற்றுக்கணக்கான முறை செய்ய வேண்டும். நச்சுக் கழிவு வேறு. ஒருகாலத்தில் இத்துறையில் முதலிடத்தில் இருந்த அமெரிக்காவின் மவுண்டன் பாஸ் சுரங்கம் 2002இல் மூடப்பட்டுப் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. சீனா விடாமல் செய்தது. இன்று உலகச் சுத்திகரிப்பில் சுமார் 90 சதவீதம் அங்கேதான் நடக்கிறது. 2025 ஏப்ரலில் ஏழு தனிமங்களுக்கு அது ஏற்றுமதி உரிமத்தைக் கட்டாயமாக்கியது. சில வாரங்களிலேயே வெளிநாட்டுக் கார் ஆலைகள் சிலவற்றில் உற்பத்தி நின்றது.

ஆனாலும் இதை 1973இல் அரபு நாடுகள் போட்ட எண்ணெய்த் தடையோடு அப்படியே ஒப்பிட முடியாது. எண்ணெய் அன்றாடம் எரிந்து தீர்வது. வரத்து நின்றால் ஓடுகிற வண்டியே நின்றுவிடும். கூரையில் ஏறிவிட்ட சூரியத் தகடோ, விற்ற நாடு பகையானாலும் 25 ஆண்டுகள் மின்சாரம் தரும். புதிதாகப் போடுவதுதான் தடைப்படும். மாற்று வழி தேட அவகாசம் கிடைக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

சுத்திகரிப்பின் மதிப்பை இந்தோனேசியா புரிந்துகொண்டது. 2020 ஜனவரியில் நிக்கல் தாது ஏற்றுமதியைத் தடைசெய்து, உருக்காலைகளைத் தன் மண்ணுக்கே வரவழைத்தது. அதிலும் முதலீடு பெரும்பாலும் சீனாவுடையது.

மனம் கனப்பது காங்கோவை நினைத்தால்தான். உலகில் தோண்டப்படும் கோபால்ட்டில் சுமார் 70 சதவீதம் அந்நாட்டுடையது. 2025 பிப்ரவரியில் அது ஏற்றுமதியை நிறுத்தியதும் விலை ஏறியது. ஆனால் அந்தத் தாதுவை பேட்டரிக்கு ஏற்ற பொருளாக்கும் ஆலைகளில் பெரும்பாலானவை இன்றும் சீனாவில்தான் இருக்கின்றன. காங்கோவில், அங்குள்ள சுரங்க நகரமான கோல்வேசியில் மண்வெட்டியோடு குழிக்குள் இறங்குகிறவர்களுக்கு அந்த ஆலை வேலை இன்னும் எட்டவில்லை.