பொன்னுருவி நோட்டைத் தேடி எடுங்கள்

வாசகர் கடிதம்:

"ஐயா, எனக்கு வயது 33. ஊர் காரிமங்கலம் பக்கம். அப்பா கூத்து செட்டில் மிருதங்கம் வாசித்தவர். நானும் செட்டில் ஏழு வருஷம் பெண் வேஷம் கட்டினேன். நாலு வருஷமாகத் தனியாக, ஒரு மணி நேரத்துக்கு 'திரௌபதி துகில்' செய்கிறேன். ஆர்மோனியம், மிருதங்கம் என்று ரெண்டு பேர் மட்டும் கூட வருவார்கள். கல்லூரி, பள்ளி, இலக்கிய விழா என்று கூப்பிடுகிறார்கள். போன வருஷம் 52 நிகழ்ச்சி. அதில் 17 பணமில்லாமல். மொத்தம் வந்தது 1,92,000 ரூபாய். வாத்தியக்காரர், வண்டி, சாப்பாடு எல்லாம் சேர்த்து நிகழ்ச்சிக்கு 2,200 ஆகிவிடுகிறது. வீட்டுக்காரர் எதுவும் சொல்வதில்லை, மாமியார்தான் சொல்லாத நாளில்லை. எங்கள் ஊர் மெயின் ரோட்டிலேயே ஓசூர் கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும் போகிறார்கள். நானும் ஏறிவிடலாமா என்று இருக்கிறது. ஆடும்போதுகூட முன்பு மாதிரி மனசு ஒட்டவில்லை. என்ன செய்யட்டும்?"

பதில்:

அம்மா, உங்கள் கடிதம் ஆறு பக்கம். இங்கே இவ்வளவுதான் போட இடமிருந்தது. ஆனால் ஆறு பக்கத்தையும் ரெண்டு தடவை படித்தேன். நாலாம் பக்கத்து ஓரத்தில், போகிற போக்கில் ரெண்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கணக்கு. நான் பகலில் 28 வருஷம் கணக்கு வாத்தியார், ராத்திரியில் ஆர்மோனியம். அதனால் எண்ணைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. 52 நிகழ்ச்சிக்குச் செலவு 1,14,400. வந்ததில் இதைக் கழித்தால் 77,600. மாதத்துக்கு 6,500-கூட இல்லை. சரி, இது உங்களுக்கே தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. அந்த 17 இலவச நிகழ்ச்சிக்கும் வாத்தியக்காரருக்கும் வண்டிக்கும் சாப்பாட்டுக்கும் நீங்கள் கொடுத்துத்தானே ஆகவேண்டும்? 37,400 ரூபாய். 17 நாள் நீங்கள் சும்மா ஆடவில்லை அம்மா, கூலி கொடுத்து ஆடியிருக்கிறீர்கள். உங்கள் கையில் நின்றதில் ஏறக்குறைய பாதி அது.

இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நானும் அந்த வழியில் நடந்தவன். ஒரு விழாவில் எங்கள் செட்டை விடிய விடிய ஆடவிட்டு, காலையில் ஆளுக்கொரு பொன்னாடை போட்டு அனுப்பினார்கள். பேசிய தொகை என்னாயிற்று என்று கேட்க எங்கள் கூத்து வாத்தியாருக்கும் வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை. பஸ்ஸுக்கு ஆர்மோனியக்காரன் பையில்தான் காசு இருந்தது, அதாவது என் பையில். இப்படிச் சேர்ந்த நாலு பொன்னாடையையும் என் மனைவி ஆர்மோனியத்தின்மேல் போர்த்திவைத்திருக்கிறாள். கார்த்திகை மாதத்தில் அதற்குக் குளிராது.

காசு கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்கிறீர்கள். கேட்டால் 'கலையை விற்கிறாள்' என்பார்களாம். இந்தக் கூச்சம் கூத்துக்காரருக்கு இருந்ததே இல்லை, மேடைக்கு வந்த பிறகு தொற்றிக்கொண்டது. உங்கள் அப்பா காலத்தை நினைத்துப் பாருங்கள். ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். திண்ணையில் உட்கார்ந்து, எத்தனை ராத்திரி, என்னென்ன கூத்து, துரியோதனனை வீழ்த்துகிற படுகளத்துக்குத் தனியாக எவ்வளவு என்று பேசி முடித்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு அச்சாரம் வைப்பார்கள். தட்டைக் கையில் வாங்கினால்தான் தேதி. அச்சாரம் வராத தேதிக்கு யாரும் சலங்கையைத் துடைத்துவைக்க மாட்டார்கள். இப்போது வாட்ஸப்பில் 'மேடம், 14-ஆம் தேதி வரமுடியுமா' என்று கேட்கிறார்கள், நீங்கள் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்புகிறீர்கள். முடிந்தது பேச்சு. எங்கே அம்மா வெற்றிலை?

இனிமேல் பாதித்தொகை கையில் வராமல் தேதி எழுதாதீர்கள். தொகை எவ்வளவு என்றால், உங்களுக்கு மாதம் 15,000 நிற்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 1,80,000. 40 நிகழ்ச்சி போதும் என்றால் ஒன்றுக்கு உங்கள் பங்கு 4,500. அதோடு செலவு 2,200, துணிமணி தேய்மானம் 300. 7,000 ரூபாய். அதற்குக் கீழே போனால் உங்கள் வீட்டு அரிசியை எடுத்து விழாக்குழுவுக்குப் போடுகிறீர்கள் என்று அர்த்தம். தூரம் கூடினால் கூடுதல் வண்டிக் கூலியைத் தனியாகப் பேசுங்கள், தர்மபுரிக்குள் ஆடுவதும் ஓசூர் போய் ஆடுவதும் ஒன்றில்லை. வருஷத்துக்கு நாலு இலவசமாகச் செய்யுங்கள், அந்த நாலும் எவை என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். உங்கள் ஊர் அம்மன் கோயில், படித்த அரசுப் பள்ளி, இப்படி. தேதி குறையும் என்று பயமா? குறையட்டும். குறைவதில் பெரும்பாலும் அந்தப் பதினேழுதான் இருக்கும்.

பணப்பேச்சு போதும். மனசு ஒட்டவில்லை என்றீர்களே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நாலாம் பக்கத்து ஓரத்தில் எழுதியிருந்தீர்கள்: 'பொன்னுருவியை மட்டும் தனியாக எடுத்துச் செய்ய ஆசை, ரெண்டு வருஷமாக நோட்டு அப்படியே கிடக்கிறது.' அதைப் படித்ததும் எனக்குக் கடத்தூர் பக்கத்துப் பெரியவர் ஒருவர் நினைவுக்கு வந்துவிட்டார். கர்ண மோட்சத்தில் பொன்னுருவி கட்டுவதில் அவருக்கு இணை நான் பார்த்ததில்லை. போருக்குப் புறப்பட்டு விடைகேட்டு நிற்கிற புருஷன் கர்ணனைப் பார்த்து, நீ என்ன குலம் என்று கேட்கிற பெண். சனங்களுக்கு அவள்மேல் கோபம் வரவேண்டும், அப்புறம் அவளுக்காக அழவும் வேண்டும். சாதாரண வேஷமா அது? அவர் அந்த இடத்தில் பாட்டை நிறுத்திவிடுவார். நான் ஆர்மோனியத்தில் சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முந்தானை நுனியைச் சுண்டுவிரலில் சுற்றுவார், அவிழ்ப்பார், திரும்பச் சுற்றுவார். ஐந்நூறு பேர் இருக்கிற களத்தில் குழந்தை அழுகிற சத்தம்கூடக் கேட்காது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அந்த விரலைப் பார்த்தால் நகக்கண் எல்லாம் கறுப்பாக இருக்கும். முகமெல்லாம் அரிதாரம் பளபளக்க, நகத்தில் மட்டும் புளிக்கறை. தை, மாசியில் அவர் புளி உலுக்கப் போவார், பங்குனியில் வேஷம் கட்டுவார். கறை போக மாதக்கணக்காகும்.

அந்த முந்தானை சுற்றுவது எங்கே பிடித்தது என்று ஒருமுறை கேட்டேன். 'மழைக்காலத்துல' என்றார். ஐப்பசி, கார்த்திகையில் கூத்தும் கிடையாது, புளியும் கிடையாது. வாத்தியார் வீட்டில் உட்கார்ந்து, பழைய விருத்தத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். ஒரு ராத்திரி அப்படித்தான் வந்ததாம்.

இப்போது கடிதத்தில் நீங்கள் எழுதிய நிகழ்ச்சிப் பட்டியலைப் பாருங்கள். இலவச நிகழ்ச்சி 17-இல் 12 அக்டோபருக்கும் ஜனவரிக்கும் நடுவில் விழுந்திருக்கிறது. அந்தப் பதினேழு உங்கள் பணத்தைத் தின்றதுகூடப் பரவாயில்லை, உங்கள் மழைக்காலத்தைத் தின்றுவிட்டது. நாலு வருஷமாக ஒரே திரௌபதி, ஒரே ஒரு மணி நேரம். துச்சாதனனுக்கே கை வலித்திருக்கும். மனசு எப்படி ஒட்டும்?

கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர் யாரையும் கேளுங்கள். ஒரு வருஷம் கொத்துக் கொத்தாகக் காய்த்த மரம் மறு வருஷம் கையை விரித்துவிடும். அதற்காக யாரும் மரத்தை வெட்டுவதில்லை, விறகு விலையும் கேட்பதில்லை. உழுது, எரு போட்டுக் காத்திருப்பார்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை வெளித்தேதி வேண்டாம் அம்மா. பணம் கொடுத்தால்கூட மாதத்துக்கு ஒன்று, அவ்வளவுதான். காலை ரெண்டு மணி நேரம் பொன்னுருவிக்கு.

சரி, அந்த மூன்று மாதம் அடுப்பு எரிய வேண்டுமே, கம்பெனி பஸ் வருகிறதே என்பீர்கள். வேலைக்குப் போவதை நான் குறையாகவே பார்க்க மாட்டேன். நம் பக்கத்தில் கூத்தை மட்டுமே நம்பிப் பிழைத்த கூத்தாடியை நான் அதிகம் பார்த்ததில்லை. விவசாயம், தறி, புளி, தச்சு, என்னைப் போல சாக்பீஸ், ஏதாவது ஒன்று எல்லாருக்கும் இருந்தது. 'முழுநேரக் கலைஞர்' என்பது பட்டணத்திலிருந்து வந்த சொல். ஆனால் உங்கள் கம்பெனி வேலையில் ஷிப்டு மாறி மாறி வரும். கோயில்களில் பாரதக் கூத்து நடக்கிற சித்திரை, வைகாசியில் சேர்ந்தாற்போல லீவு கேட்டால் கொடுப்பார்களா? ராத்திரி ஷிப்டு முடிந்து, போக வர பஸ்ஸில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து வந்தவளுக்கு மறுநாள் மேல்சுருதியில் தொண்டை எழும்புமா? எழும்பாது. அந்த பஸ்ஸில் ஏறினால் ரெண்டு வருஷத்தில் கூத்து தானாக இறங்கிவிடும். கடன் கழுத்தை நெரித்தால் ஏறுங்கள், அது வேறு. உங்கள் கடிதத்தில் கடன் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஓரத்தில் எழுதிய இன்னொரு விஷயம்: 'என் துணிமணி எல்லாம் நானே தைத்துக்கொள்வேன், ரெண்டு செட்டுக்காரர்கள் தங்களுக்கும் தைத்துத் தரச் சொன்னார்கள், நேரமில்லை என்றுவிட்டேன்.' இதைப் போய் ஓரத்தில் எழுதுவார்களா! கூத்துச் சட்டை தைக்கத் தெரிந்த தையல்காரர் எத்தனை பேர்? சாதாரணத் தையல்காரரிடம் கொடுத்தால் ஜிகினாவை ஒட்டித் தள்ளிவிடுவார், அடவு போட்டுச் சுற்றினால் கக்கத்தில் கிழியும். எங்கே இழுக்கும், எங்கே தளர விடவேண்டும் என்பது ஆடியவருக்குத்தான் தெரியும். செட்டுகள் பங்குனிக்கு முன்னால் துணிமணி புதுப்பிப்பார்கள். பள்ளிகளின் ஆண்டு விழாவும் அதையொட்டித்தான் வரும். ஆக, உங்கள் மழைக்கால மதியங்களுக்கு வேலை தயாராக இருக்கிறது. வீட்டிலேயே செய்வது, கணக்கு உங்கள் கையில். மாமியாரும் கொஞ்சம் அமைதியாவார், தையல் மிஷின் சத்தம் கேட்டால் பெரியவர்களுக்கு ஒரு நிம்மதி.

நம் தகடூர் (இன்றைய தர்மபுரி) வாசலில் ஔவை நின்ற கதை உங்களுக்குத் தெரியும். அதியமான் பரிசில் தரத் தாமதித்தபோது, 'எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே' என்று வாயிற்காவலனிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். இதை எல்லா மேடையிலும் முழங்குகிறார்கள். அதற்கு முந்தைய வரிகளை விட்டுவிடுகிறார்கள். தச்சன் வீட்டுக் கைதேர்ந்த பிள்ளைகள் கோடரியோடு காட்டுக்குள் போவது போல என்கிறார். கையில் கோடரி இருந்ததால்தான் ஔவைக்கு அவ்வளவு வாய். உங்களிடம் ரெண்டு கோடரி இருக்கிறது, ஒன்று துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது.

அரசாங்க விஷயம் சுருக்கமாக. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-இலிருந்து இருக்கிறது. நீங்கள் இன்னும் பதியவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். பிள்ளை படிப்புக்கும் விபத்துக்கும் உதவி உண்டு, இந்த மாதமே பதியுங்கள். மாவட்டக் கலை மன்றம் தருகிற 'கலை வளர்மணி' விருது 19 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கு. உங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான். மத்திய கலாச்சார அமைச்சகத்தின் இளநிலை நல்கை (ஜூனியர் ஃபெல்லோஷிப்) 25 முதல் 40 வயதுக்காரர்களுக்கு, மாதம் 10,000 என்று ரெண்டு வருஷம். என்ன ஆய்வு செய்யப்போகிறீர்கள் என்று எழுதித் தரவேண்டும். 'பொன்னுருவி வேஷத்தைக் கட்டியவர்களிடமிருந்து பாடம் சேகரிப்பது' என்று எழுதுங்களேன். ஆனால் போட்டி கடுமை, கிடைத்தாலும் மாதாமாதம் கைக்கு வராது, ஆறு மாதத் தவணை. அதை நம்பி மளிகைக் கடையில் கணக்கு வைக்காதீர்கள்.

நிகழ்ச்சியை வீடியோ எடுக்கவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுக்கவிடாதீர்கள், அவ்வளவுதான்.

இந்த வாரம் அந்த ரெண்டு செட்டுக்கும் போன் போட்டு, தைத்துத் தருகிறேன், அச்சாரம் கொடுங்கள் என்று சொல்லுங்கள். அளவெடுக்கப் போகும்போது பொன்னுருவி நோட்டையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எந்த செட்டிலும் வயதான வாத்தியார் ஒருவர் இருப்பார். அவருக்குத் தோளளவு எடுக்கிற சாக்கில், அந்த இடத்தில் என்ன விருத்தம் பாடுவார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.