ஸ்வால்பார்டில் களப்பணி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில், உறைநிலம் கோடையில் எவ்வளவு ஆழம் உருகுகிறது என்று அளக்கும் வேலையில் இருந்தேன். வந்திருந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

அக்கா, அந்தக் குளிரை எப்படித் தாங்கினீர்கள்?

ஜூலையில் அங்கே சராசரியாக 5, 6 டிகிரி இருக்கும். அந்தக் குளிரைத் தாங்கிவிடலாம். தாங்க முடியாதது ஈரம். மூட்டையோடு மேடேறும்போது வியர்க்கும், நின்று அளக்கத் தொடங்கியதும் அந்த வியர்வையே உடம்பை நடுங்க வைக்கும். பருத்தி உள்ளாடை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் கம்பளி உள்ளாடைதான் அணிய வேண்டும். நடக்கும் முன்பே மேல்சட்டையைக் கழற்றிவிடுங்கள். மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி, நீர் புகாத பையில்.

உருகும் ஆழத்தை எந்தக் கருவியால் அளக்கிறார்கள்?

சென்டிமீட்டர் கோடிட்ட எஃகுக் கம்பியால்தான்! லாங்யியர்பியன் ஊருக்கு அருகே உள்ள ஆட்வென்ட்டாலன் பள்ளத்தாக்கில் 100 மீட்டர் சதுரம் ஒன்றில் பத்து மீட்டருக்கு ஒன்றாக 121 புள்ளிகள் குறிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் கம்பியை நேராக இறக்க வேண்டும். பாசி மெத்தென்று வழிவிடும். அதற்குக் கீழே குளிர்ந்த சேறு கம்பியைக் கவ்வும். ஓர் இடத்தில் மேற்கொண்டு இறங்காமல் நின்றுவிடும். கல்லில் பட்டால் ‘டங்’கென்ற அதிர்வு உள்ளங்கைக்கு ஏறும். உறைமண்ணில் பட்டால் மந்தமாக முட்டி நிற்கும். சந்தேகம் வந்தால் ஒரு சாண் தள்ளி இன்னொரு முறை குத்துங்கள். பிறகு பாசியை அழுத்தாமல், அதன் மேல்மட்டத்தில் கட்டைவிரலை வைத்துக் கம்பியை உருவிப் படியுங்கள். விரல் அழுத்திப் பாசி அமுங்கினால் இரண்டு சென்டிமீட்டர் பிழை வந்துவிடும். ஆண்டுக்கு ஆண்டு நாம் தேடும் மாற்றமே சில சமயம் அவ்வளவுதான்.

கோடை முடிவில் ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர் இருக்கும். ஆகவே ஒன்றரை மீட்டர் கம்பி வேண்டும்.

இன்னொன்று: போட்டிருக்கும் பாதையை விட்டு விலகாதீர்கள். அந்தப் பாசியில் ஒருவர் மிதித்த தடம் ஆண்டுக்கணக்கில் மறையாது. மிதித்த இடத்தில் வெயில் கூடுதலாக இறங்கும், மண் கூடுதலாக உருகும். நாம் அளக்க வந்ததை நாமே கெடுத்துவிடுவோம். இதைச் சொல்லும்போது மட்டும் எனக்குக் குரல் உயர்ந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பனிக்கரடி வருமா?

வரும். ஊர் எல்லையைத் தாண்டினால் கரடியை விரட்டும் சாதனம் கையில் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். வழக்கமாக ஒளிக்குண்டுத் துப்பாக்கியும் ரைஃபிளும் கொண்டுபோவோம். சுடும் பயிற்சி முடிக்காமல் களத்துக்கு விடமாட்டார்கள். நான்கு பேர் குனிந்து அளந்தால் ஐந்தாமவர் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த வேலையைச் சலிப்பான வேலை என்று நினைத்துவிடாதீர்கள்.

வீட்டுக்கு வாட்ஸ்அப் பேசலாமா?

லாங்யியர்பியனில் பேசலாம். அதே தீவுக்கூட்டத்தில் உள்ள ஆய்வுக் குடியிருப்பான நீ-ஓலெசுண்டில் வைஃபை, புளூடூத் இரண்டுக்கும் தடை. வெகுதொலைவு விண்பொருள்களின் நலிந்த ரேடியோ அலைகளைப் பிடிக்கும் ஆண்டெனாக்கள் அங்கே இருக்கின்றன. கம்பிவழி இணையம் உண்டு. களத்தில் பேட்டரியைச் சட்டைக்குள் வையுங்கள், குறிப்புகளைப் பென்சிலில் எழுதுங்கள். குளிரில் பேனா மை நின்றுபோகும்.

நான் தாவரவியல் முதுநிலை மாணவி. இந்தியாவிலிருந்து போக வழி உண்டா?

உண்டு. 2008 முதல் நீ-ஓலெசுண்டில் ‘ஹிமாத்ரி’ என்ற இந்திய நிலையம் இருக்கிறது. கோவாவில் உள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையம் அதை நடத்துகிறது. ஆய்வுத் திட்டம் எழுதும் பேராசிரியர் ஒருவரோடு சேர்வதே நேர்வழி. 2023 டிசம்பரிலிருந்து குளிர்காலப் பயணமும் தொடங்கிவிட்டது. தாவரங்களைப் பார்க்கக் கோடையே ஏற்றது. உங்கள் கணுக்காலை எட்டாத துருவ வில்லோவைக் குனிந்து பாருங்கள் தங்கையே, அதுதான் அங்கே மரம்!

ஆலாப் பறவைகள் தலையில் கொத்துமாமே?

ஆமாம், ரத்தம் வரக் கொத்தும். உயர்ந்து நிற்பதைத்தான் தாக்கும், ஆகவே ஒரு குச்சியைத் தலைக்கு மேலே பிடித்துக்கொள்ளுங்கள். கால் அருகே சரளைக்கல் நிறத்தில் முட்டை கிடக்கும். வந்த வழியே திரும்பி, சுற்றிப் போங்கள்.