எர்த்வொர்ம் ஜிம் எந்தப் பதிப்பில் ஆடலாம்? எல்லாம் ஒன்றுதானா?

கேட்டது இது: எர்த்வொர்ம் ஜிம் பழைய விளையாட்டு, ஏகப்பட்ட கருவிகளுக்கு வந்திருக்கிறது. எல்லாம் ஒரே ஆட்டம்தானா? புதிதாக ஆடுபவர் எதை எடுக்கலாம்?

ஒன்றில்லை. அது தெரியாமல் நானும் என் அத்தை மகனும் எட்டு வருஷம் ஒருவனை ஒருவன் பொய்யன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

எங்கள் வீடு தக்கலைப் பக்கம். 1996 கோடை லீவில் துபாயிலிருந்து வந்த மாமா பெட்டியைப் பிரித்தார். கோடாலித் தைலம், டாங் பவுடர், சென்ட் பாட்டில் எல்லாம் வந்த பிறகு அடியிலிருந்து கறுப்பாக ஒன்று வந்தது. செகா மெகா டிரைவ், டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டி. கூடவே ஒரே ஒரு கேசட். அதன் மேல் துப்பாக்கி பிடித்த ஒரு புழு.

கதை இவ்வளவுதான். சாதாரண மண்புழு ஒன்றின் மேல் வானத்திலிருந்து ஒரு விண்வெளி உடுப்பு விழுகிறது. புழு அதற்குள் புகுந்து ஆளாகிவிடுகிறது. கை, கால், தோள் எல்லாம் உடுப்பினுடையது. கழுத்துக்கு மேலே நெளிவது மட்டும்தான் ஜிம். துப்பாக்கி போதவில்லை என்றால் உடுப்பு தன் தலையையே பிடித்து இழுத்துச் சாட்டையாக வீசும். பட்டனைத் தொடாமல் சும்மா விட்டால் இன்னும் வேடிக்கை. அந்தப் புழுவையே கயிறாக்கி ஸ்கிப்பிங் ஆடும்.

பாட்டி முறத்தோடு வந்து பின்னால் நின்று பார்த்தாள். "எலே மக்கா, நாங்கூழுக்கு எதுக்குலே துப்பாக்கி?" என்றாள். சாக்கு சொல்லவேண்டுமே என்று இளவரசியைக் காப்பாற்ற என்றேன். அதற்குள் திரையில் நான் ஒரு ஃப்ரிட்ஜைத் தள்ளிவிட, அது பலகையின் ஒரு முனையில் விழ, மறுமுனையில் நின்ற பசு விர்ரென்று வானத்துக்குப் பறந்தது. பாட்டிக்கு முகம் மாறிவிட்டது. வீட்டில் அப்போது ஒரு சினைப்பசு நின்றது. "பாவம் பிடிக்கும்லே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஆனால் மறுபடி வந்தாள், நரகத்து லெவலுக்கு. அங்கே ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் 'நைட் ஆன் பால்ட் மவுண்டன்' இசை கம்பீரமாகத் தொடங்கும். திடீரென்று லிஃப்டில் போடுகிற மாதிரி ஒரு சொகுசு மெட்டு வரும், நடுவே அலறல் கேட்கும். எதிரிகள் யார் தெரியுமா? கைப்பெட்டியோடு வக்கீல்கள். ஒரு வரப்புத் தகராறுக்காகப் பத்மநாபபுரம் கோர்ட்டுக்குப் பல வருஷம் நடந்தவள் பாட்டி. நரகத்தில் வக்கீல் என்றதும் அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

சரி, சண்டைக்கு வருகிறேன். நாகர்கோவிலில் இருந்த அத்தை வீட்டில் 1997-இல் விண்டோஸ் 95 போட்ட கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதிலும் ஜிம்! அத்தை மகன் ஆடினான், நான் பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொன்னேன். ஊருக்குத் திரும்பிய பிறகு போனில் கேட்டான், "பிக் ப்ரூட்டி பார்த்தியா? பெரிய மிருகம் ஒண்ணு வரும்." அப்படி ஒன்று கிடையாது என்றேன். பதிலுக்கு, குடலுக்குள் ஒரு லெவல் வருமே, அதில் டாக் டியோடினம் என்று ஒரு கோமாளி வில்லன், முடித்துவிட்டாயா என்றேன். "கள்ளம் பறையாதலே" என்றான். அம்மையாண என்று சத்தியம் பண்ணினேன். அவனும் பண்ணினான்.

கல்லூரி ஹாஸ்டலில் ஒருவன் எமுலேட்டரில், அதாவது பழைய கேம் பெட்டிபோல் கம்ப்யூட்டரை நடிக்க வைக்கும் மென்பொருளில், சூப்பர் நின்டெண்டோ என்ற இன்னொரு கேம் பெட்டியின் பதிப்பைப் போட்டுக் காட்டினான். விடிய விடிய உட்கார்ந்து தேடினேன். குடலும் இல்லை, ப்ரூட்டியும் இல்லை. அப்போதுதான் உறைத்தது, இரண்டு பேரும் சொன்னது உண்மை, ஆடியதுதான் வேறு வேறு.

காரணம் இதுதான். டேவிட் பெர்ரி ஆரம்பித்த ஷைனி நிறுவனம் 1994-இல் மெகா டிரைவுக்கும் சூப்பர் நின்டெண்டோவுக்கும் இதைச் செய்தது. ஜிம்மை உருவாக்கியவர் டக் டென்னேபல், இசை டாமி டல்லாரிக்கோ. கார்ட்டூன் படம் போலக் காகிதத்தில் கையால் வரைந்து கணினிக்குள் ஏற்றியதால்தான் அந்த நெளிவு அவ்வளவு குழைவாக இருக்கிறது. 'இன்டெஸ்டினல் டிஸ்ட்ரெஸ்' என்ற என் குடல் லெவல் மெகா டிரைவில் உண்டு, நின்டெண்டோவில் கிடையாது. 1995-இல் செகா சிடிக்கு, அதாவது மெகா டிரைவோடு மாட்டும் சிடி கருவிக்கு, 'சிறப்புப் பதிப்பு' என்று ஒன்று வந்தது. கேசட்டில் 3 எம்பிதான் கொள்ளும், சிடியிலோ இடத்துக்குப் பஞ்சமில்லை. எனவே நீட்டிய லெவல்கள், கூடுதல் அசைவுகள், சிடி தரத்தில் இசை, கூடவே அந்த பிக் ப்ரூட்டி. அத்தை மகன் வீட்டு விண்டோஸ் 95 பதிப்பு இந்த வழியில் வந்தது.

நின்டெண்டோவைக் குறைத்துச் சொல்லவில்லை. அது திரையில் ஒரே சமயம் 256 நிறம் காட்டும், மெகா டிரைவ் 64 தான். பின்னணிக் காட்சிகள் நின்டெண்டோவில்தான் அழகு. ஆனால் அகலத்தில் 256 புள்ளிதான், மெகா டிரைவில் 320. இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆடினால் அப்படித் தெரியாது. முன்னால் வரும் காக்கையை ஒரு நொடி முன்னதாகப் பார்க்கிறோமா இல்லையா என்பதில்தான் உயிரே இருக்கிறது.

எங்கள் ஊருக்கு நிறமெல்லாம் இரண்டாம் பட்சம். மெகா டிரைவ் பதிப்பில் சேமிக்கவும் முடியாது, பாஸ்வேர்டும் கிடையாது. ஜூன் மழை பிடித்தால் ஏதாவது ஒரு ரப்பர் மரக்கிளை கம்பியில் விழும், கரண்ட் போகும். கடைசி லெவல் வரை போய் எத்தனை தடவை முதல் லெவலான குப்பைமேட்டிலிருந்து மறுபடி தொடங்கினேன் என்று கணக்கே இல்லை. செகா சிடி பதிப்பில் பாஸ்வேர்டு உண்டு. அத்தை மகனுக்குக் கம்ப்யூட்டரோடு யூபிஎஸ் வேறு வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அவன் முதலில் முடித்ததில் திறமை எவ்வளவு, பேட்டரி எவ்வளவு என்று இன்றும் கேட்பேன்.

கையடக்கக் கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேம் பாயில் நான்கே சாயல், கேம் கியரில் நிறம் உண்டு, இரண்டிலும் திரை 160க்கு 144. பெரிய திரைக்கு வரைந்த புழுவை அதற்குள் அடைத்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கிறது. 2001-இல் கேம் பாய் அட்வான்ஸுக்கு வந்ததைத் தொடவேண்டாம், அசைவு முக்கி முக்கி வரும். 2010-இல் கேம்லாஃப்ட் புதிதாக வரைந்த எச்டி பதிப்பு பளபளவென்றிருக்கும், எனக்கு மனம் ஒட்டவில்லை.

ஆகவே செகா சிடி சிறப்புப் பதிப்பு கிடைத்தால் யோசிக்காமல் அதை எடுங்கள். இல்லாவிட்டால் மெகா டிரைவ். ஜிஓஜி, ஸ்டீம் என்ற கேம் விற்கும் தளங்களில் கிடைப்பது டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய கம்ப்யூட்டர் அமைப்பு) பதிப்பு. அதை விண்டோஸ் 95 சிறப்புப் பதிப்பு என்று நினைத்துக் காசு கொடுத்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

ஒரு தீபாவளி லீவில் கரண்ட் போகாமல் தயவு பண்ணியது, முடித்துவிட்டேன். கடைசி வில்லியான ராணி ஒழிந்தாள். இளவரசி எதிரே நிற்கிறாள், ஜிம் நெஞ்சு நிமிர்த்துகிறான். முதல் லெவலில் நான் பறக்கவிட்ட பசு அப்போதுதான் மேலேயிருந்து வந்து, நேராக இளவரசி தலையில் விழுந்தது. நான் தரையில் உருண்டு சிரித்தேன். பாட்டி திண்ணையிலிருந்து எழுந்து வந்து டிவிக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள்.

"பசுவுக்கு அடி கிடி பட்டுதாலே?"