கவனக்குறைவும் டி4 ஏற்பியும்: கேள்வி பதில்

கேள்வி (தாய், திருமங்கலம்): ஐயா, என் மகனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த குறைபாடு) இருப்பதாக மருத்துவர் சொன்னார். டிஆர்டி4 மரபணுவைச் சோதித்துப் பார்க்க வேண்டுமா?

பதில்: வேண்டாம் அம்மா. மூளையில் டோபமின் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருளை ஏற்கும் டி4 புரதத்துக்கான அந்த மரபணுவில், 48 டி.என்.ஏ. எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு ஆளுக்கு ஆள் 2 முதல் 11 முறை வரை அடுத்தடுத்து வருகிறது; ஒவ்வொரு துண்டும் புரதத்தில் 16 அமினோ அமிலங்களைச் சேர்க்கிறது. நான்கு முறை வருவதே உலகில் மிகுதி. ஏழு முறை வரும் வடிவம் இக்குறைபாடுள்ள குழந்தைகளிடம் கூடுதலாகக் காணப்படுவதாக 1996இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆனால் அதனால் கூடும் வாய்ப்பு மிகச் சிறியது. அவ்வடிவம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் குறைபாடு இல்லை; குறைபாடுள்ள பலரிடம் அவ்வடிவமே இல்லை. முடிவு எதுவானாலும் உங்கள் மகனுக்கான சிகிச்சை மாறப்போவதில்லை.

கேள்வி (தாத்தா, உசிலம்பட்டி): பேரனுக்கு இது எங்கள் வழியில் வந்ததா, மருமகள் வழியிலா?

பதில்: இதில் பல மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்கேற்கின்றன, ஐயா, அவை இரு வழியிலும் வந்திருக்கலாம். மருமகள் மீது பழி போடாதீர்கள்.

கேள்வி (ஆய்வு மாணவர், மதுரை): நம் பகுதியில் இதை ஆராய்ந்தால் எதில் கவனம் வேண்டும்?

பதில்: ஒப்பிடும் குழுவில்தான், தம்பி. ஏழு முறை வடிவம் தென் அமெரிக்கப் பழங்குடியினரிடம் மிகுதி, கிழக்காசியாவில் அரிது. அதாவது நோயோடு தொடர்பில்லாமலே மக்களுக்கு மக்கள் அதன் அளவு மாறும். சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுத்துக் கொடுக்கும் நம் ஊர்களில், குறைபாடுள்ள குழந்தைகள் ஒரு சமூகத்திலும் மற்றவர்கள் வேறொரு சமூகத்திலும் மிகுந்துவிட்டால், சமூக வேறுபாடே நோயின் காரணம்போலத் தோற்றம் தரும். ஆகவே தாய், தந்தை, குழந்தை மூவரையும் சேர்த்து எடுத்து, பெற்றோரிடமிருந்து எந்த வடிவம் குழந்தைக்குக் கடந்தது என்று பார்ப்பதே நம்பத்தக்க வழி என்பது என் உறுதியான கருத்து. மேலும், டி.என்.ஏ.வின் ஓரெழுத்து மாற்றங்களைப் படிக்கும் சோதனைச் சில்லுகள் இந்தத் துண்டு எத்தனை முறை வருகிறது என்று நேரடியாக எண்ணுவதில்லை. அந்தப் பகுதியைத் தனியே நகலெடுத்துப் பெருக்கி நீளம் அளக்க வேண்டும்.

கேள்வி (ஆசிரியை, மேலூர்): ஒரு மாணவன் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போய்விடுகிறான். அவனுக்கும் இதுதானா?

பதில்: ஒரு வகுப்பை வைத்துச் சொல்ல முடியாது, அம்மா. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது, ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். எந்தப் பாடவேளையில், எந்த வேலையின்போது, எத்தனை நிமிடத்தில் எழுகிறான் என்று இரண்டு வாரம் குறித்து வைத்து, அந்தக் குறிப்போடு பெற்றோரை மதுரை அரசு இராசாசி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள்.