செக்கு சுற்றட்டும், தலை சுற்ற வேண்டாம்

கேள்வி: காங்கேயத்தில் மரச்செக்கு எண்ணெய் விற்கிறோம். செக்கிழுக்கும் காளைதான் எங்கள் லோகோ. அதை அசையவைத்து எட்டு விநாடி வீடியோவாகச் செய்து தர ஒரு ஏஜென்சி 38,000 ரூபாய் கேட்கிறது. 'அசைகிற லோகோவைத்தான் ஜனங்கள் பார்ப்பார்கள், பார்த்தால் மறக்க மாட்டார்கள்' என்கிறார்கள். உண்மையா? பாரம்பரியப் பொருளுக்கு இது விளையாட்டுத்தனமாகத் தெரியாதா?

பதில்: பார்ப்பார்கள் என்பது உண்மை. மறக்க மாட்டார்கள் என்பது வியாபாரப் பேச்சு.

அசைவின் பக்கம் கண் தானாகத் திரும்பும். ஆனால் அதை இழுப்பது ஓயாமல் அசையும் பொருள் அல்ல. சும்மா இருந்துவிட்டு அசையத் தொடங்கும் பொருள். 2003-இல் ஆப்ரம்ஸ், கிரைஸ்ட் என்ற உளவியலாளர்கள் சோதனை செய்து காட்டியது இதைத்தான். சுற்றிக்கொண்டே இருக்கும் லோகோ கொஞ்ச நேரத்தில் வீட்டு மின்விசிறி மாதிரி ஆகிவிடும், ஓடுவதே கண்ணில் படாது. இன்னொன்று, இழுத்த பார்வை லோகோவோடு நின்றுவிடும். பாட்டிலுக்குப் பக்கத்திலேயே காளை ஆடிக்கொண்டிருந்தால் விலையையும் லிட்டர் அளவையும் யார் படிப்பது?

விளையாட்டுத்தனமாகத் தெரியுமா என்ற உங்கள் பயம் நியாயமானது. 2014-இல் சியான், கிருஷ்ணா, எல்டர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில் குழந்தைகள் ஏறி ஆடும் சீசா பலகையின் அசையாத படத்தையே லோகோவாகக் காட்டினார்கள். சமமாக நின்ற பலகையைவிட ஒரு பக்கம் சாய்ந்த பலகைக்குக் கவனம் கூடியது. அசையப்போகிறது என்ற எண்ணமே போதுமாக இருந்தது. ஆனால் அந்த அசைவு நிறுவனத்தின் குணத்தோடு ஒத்துப்போனபோதுதான் அதன்மேல் மதிப்பு உயர்ந்தது. ஆகவே காளை துள்ளிக் குதிப்பதும், பொன்தூள் வெடித்துச் சிதறி அதிலிருந்து கடைப்பெயர் கிளம்புவதும் உங்களுக்கு ஆகாது. உலக்கை சாய்வாக அரைச் சுற்று மெதுவாக வந்து நிற்கட்டும். அதற்கும் முன்னால், இருக்கிற படத்தில் காளையின் ஒரு முன்னங்காலைத் தூக்கிய நிலையில் வரைந்து பாருங்கள். செலவு சில்லறைதான். (உங்கள் செக்கை ஓட்டுவது மோட்டார் என்றால் காளையை நடக்கவிடாதீர்கள். நிற்கிற காளையைச் சின்னம் என்று விட்டுவிடுவார்கள். நடந்து செக்கிழுத்தால் அப்படித்தான் ஆட்டுகிறீர்கள் என்று நம்பிக் காசு கொடுப்பார்கள்.)

எட்டு விநாடி என்பது அநியாயம். யூடியூப் விளம்பரத்தில் ஐந்தாவது விநாடியில் 'தவிர்' பொத்தான் வந்துவிடும். லோகோவை முதலில் ஓடவிட்டால் உங்கள் எண்ணெய் திரைக்கு வரும் முன்பே ஆள் போயிருப்பார். அசைவு ஒன்றரை விநாடி, பிறகு கடைப்பெயர் அசையாமல் ஒரு விநாடி, அவ்வளவு போதும். அதுவும் வீடியோவின் கடைசியில். முதலில் எண்ணெய் வடிவதைக் காட்டுங்கள்.

நீளமான லோகோவை வீடியோவின் தொடக்கத்திலேயே வைக்கச் சொல்வதில் ஒரு சூது இருக்கிறது. ஃபேஸ்புக் விளம்பரக் கணக்கில் மூன்று விநாடி ஓடினாலே வீடியோ ஓடியதாக எண்ணிக் காட்டும் ஓர் அளவு உண்டு. ஆள் பார்த்தது வெறும் லோகோவாக இருந்தாலும் மாதக் கடைசியில் ஆயிரக்கணக்கில் வியூஸ் என்று வண்ண வண்ணமாக ரிப்போர்ட் வரும். எண்ணுகிற தளமே இப்படி எண்ணினால் ஏஜென்சிக்காரர் ஏன் திருந்தப் போகிறார்?

அதைவிடப் பெரிய ஏமாற்று, டெம்ப்ளேட். இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ரெடிமேட் இன்ட்ரோவில் உங்கள் லோகோவை மாட்டி, 'கஸ்டம் அனிமேஷன்' என்று பில் போடுவார்கள். அதே வெடிப்பு, அதே மின்னல் அடுத்த ஊர் நகைக்கடைக்கும் ஓடிக்கொண்டிருக்கும். முன்பணத்துக்கு முன்னால் உங்கள் காளை எப்படி நகரும் என்று நாலைந்து படமாக வரைந்து காட்டச் சொல்லுங்கள். டெம்ப்ளேட்காரரால் முடியாது.

வேலை முடிந்ததும் வாங்க வேண்டியவை: இல்லஸ்ட்ரேட்டரில் (படம் வரையும் மென்பொருள்) வரைந்த மூலக் கோப்பு, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் (படத்தை அசையவைக்கும் மென்பொருள்) புராஜெக்ட் கோப்பு, செங்குத்தாகவும் சதுரமாகவும் எம்.பி.4 வீடியோ, பின்னணி இல்லாத எம்.ஓ.வி வீடியோ. எம்.பி.4-ஐ மட்டும் வாங்கினால் வேறு வீடியோவின் மேல் லோகோவை ஒட்டும்போது வெள்ளைக் கட்டம் கூடவே வரும். ஜிஃப் (அசையும் படக் கோப்பு) தந்தால் அதில் 256 நிறம்தான். எண்ணெயின் பொன்னிறம் பட்டை பட்டையாகப் பிரியும். பழைய அவுட்லுக் மின்னஞ்சல் மென்பொருளில் ஜிஃப்பின் முதல் படம் மட்டுமே தெரியும் என்பதால் முதல் படத்திலேயே முழு லோகோ இருக்கட்டும். உரிமையை எழுத்தில், கையெழுத்தோடு வாங்குங்கள். எத்தனை காலத்துக்கு என்று எழுதாமல் விட்டால் பதிப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவுப்படி அது ஐந்தே ஆண்டுதான். இதை எந்த ஏஜென்சியும் தானாகச் சொல்லாது.

திரும்பத் திரும்ப ஓடும் லோகோ சரிப்படும் ஓர் இடம் உண்டு: கடைக்குள்ளோ கண்காட்சி ஸ்டாலிலோ வைக்கும் திரை. அங்கே ஆள் மாறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொருவருக்கும் அது புதிது. அப்போதும் இடைவிடாமல் ஓட்டாதீர்கள். பத்து விநாடி அசையாமல், இரண்டு விநாடி அசைவு, மறுபடி பத்து விநாடி அசையாமல். அந்த அசையாத பத்து விநாடிதான் அடுத்த இரண்டு விநாடிக்குக் கண்ணை இழுத்துத் தருகிறது. திரையைக் கல்லாவுக்கு நேர் மேலே மாட்ட வேண்டாம். பில் போடுபவருக்கு நாள் முழுக்கத் தலைவலி. சாலையில் வண்டி ஓட்டுபவர் பக்கம் திருப்பவும் வேண்டாம். பளிச்பளிச் என்று மின்னுவது விநாடிக்கு மூன்று முறையைத் தாண்டவே கூடாது. 2007-இல் லண்டன் ஒலிம்பிக் லோகோவை அறிமுகப்படுத்திய அனிமேஷனைப் பார்த்துச் சிலருக்கு வலிப்பு வந்ததாகப் புகார் எழுந்து, அந்தப் பகுதியை இணையதளத்திலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று.

மாதிரி கைக்கு வந்ததும், உங்கள் கடையைத் தெரியாத மூன்று பேரிடம் ஃபோனில், சத்தத்தை நிறுத்திவிட்டு, ஒரே ஒரு முறை போட்டுக் காட்டுங்கள். என்ன கடை, என்ன பெயர் என்று கேளுங்கள். 'ஏதோ மாடு நடந்தது' என்பதோடு நிறுத்தினார்கள் என்றால் மீதிப் பணம் கொடுக்காமல் திருத்தி வாங்குங்கள்.